ரெட்டை மணி

அந்தக் கல்லுல உக்காராதீங்க ஐயா, சுடும். காலையில இருந்து வெயில் குடிச்ச கல்லு. இந்தப் பெஞ்சுக்கு வாங்க, பூவரசு நிழல் இங்ஙனதான் நிக்கும். குருமனைச் சாவியை எடுத்துட்டு வர எங்க வீட்டுக்கு ஆள் போயிருக்கு. சுவிசேஷமுத்துன்னு, நம்ம கோயில்குட்டி. கோயிலைப் பெருக்குறது, மணி அடிக்கிறது, குழி வெட்டுறது எல்லாம் அவன்தான். நடைதான் கொஞ்சம் மெதுவு. அவன் வந்ததும் ஐயர் வீட்டைத் திறந்து காட்டுதேன். போதகரை நாங்க ஐயர்னுதான் சொல்லுவோம். அதுக்குள்ள ரெண்டு வார்த்தை பேசிக்கிட்டிருப்போம்.

நான்தான் கனகராய். பள்ளிக்கூடத்துல ஹெட்மாஸ்டரா இருந்து ஓய்வு வாங்குனவன். இந்த ஆறுதல்புரம் சேகரத்துக்குச் செயலாளர். செயலாளர்னு சொல்லுதது ஒரு பேச்சுக்குத்தான். ஐயர் இல்லாத சேகரத்துல செயலாளர்னா, மாப்பிள்ளை ஓடிப்போன கல்யாணத்துல சமையல்காரன் மாதிரி. வாரவன் போறவன் எல்லாம் நம்மளைத்தான் பிடிச்சுக் கேப்பான்.

நம்ம சேகரம்னா நாலு ஊரு ஐயா. ஆறுதல்புரம், பனைவிளை, கீழத்தேரி, முள்ளன்விளை. நாலு ஊருக்கும் நாலு கோயில், நாலு கோயிலுக்கும் சேத்து ஒரு ஐயர். அந்த ஒரு ஐயரும் இல்லாமப் போயி ரெண்டு வருஷம் முடிஞ்சு போச்சு. மத்த சேகரத்துக்கெல்லாம் பிஷப் ஐயா ஆளைப் போடுவாரு, வந்துதான் ஆகணும். நமக்கு மட்டும், 'போயிப் பாத்துட்டு வாங்க, மனசு ஒத்துச்சுன்னா போடுதேன்'னு அனுப்புதாரு. ஏன்னா போட்டாலும் வரமாட்டாங்கன்னு அவருக்குத் தெரியும். தண்ணியில்லாக் காடுன்னு பேரெடுத்துட்டோம். நீங்களும் பஸ்ஸை விட்டு இறங்குனதும் ரோட்டுல நின்னு அந்தச் செம்மண் தேரியைச் சுத்திப் பாத்தீங்களே, நான் கவனிச்சேன். முதல்ல எல்லாரும் அப்பிடித்தான் பாப்பாங்க.

ஆனா நீங்க வரணும் ஐயா. நீங்க வந்தாத்தான் எனக்கு விடுதலை.

சும்மா சொல்லல. நான் மாட்டிக்கிட்டுக் கிடக்கேன். ஆப்பசைச்ச குரங்குன்னு சொல்லுவாங்கல்லா, அந்தக் கதைதான் எனக்கு. எம் பொஞ்சாதி எப்சிபா போன வருஷம் பெங்களூர் போனா. மவன் அங்க கம்பெனியில இருக்கான், மருமவளுக்குப் பிள்ளைப்பேறு. மூணு மாசத்துல வந்துருவேன்னு கோழியைப் பக்கத்து வீட்டுல ஒப்படைச்சிட்டுப் போனவ, அங்ஙனயே நின்னுட்டா. மருமவளும் வேலைக்குப் போற பிள்ளை, பச்சைப்பிள்ளையைப் பாக்க ஆள் வேணும்லா. எட்டாவது மாடி. காலையில அதுக ரெண்டும் கிளம்பிப் போனா இருட்டித்தான் வருது. இவளும் பிள்ளையுமா நாலு சுவத்துக்குள்ள. அக்கம்பக்கத்துல பேசுற பாஷை புரியாது, லிப்டுல ஏறப் பயம். 'சன்னலைத் திறந்தா காத்து வருது, மனுஷச் சத்தம் வரமாட்டேங்கு'ன்னு சொல்லுதா. நாப்பது வருஷம் கோயில் மணிக்குக் கீழ குடியிருந்தவ ஐயா. 'நீங்க வந்து கூட இருந்தாப் போதும்'ங்கா, வேற ஒண்ணும் கேக்க மாட்டேங்கா.

நானும் வாக்குக் குடுத்திருக்கேன். புது ஐயர் வந்து, ரெட்டை மணி அடிச்சதுன்னா, மறுநாளு ரயில் ஏறிருவேன்னு.

ரெட்டை மணின்னா உங்களுக்குத் தெரியாதுல்லா. மத்த இடத்துல இந்த வழக்கம் கிடையாது. ஆராதனைக்கு ஒரு மாதிரி அடிப்போம், சாவுக்கு ஒத்தை ஒத்தையா நிறுத்தி அடிப்போம். புது ஐயர் வந்தா மட்டும் டண்டண், டண்டண்னு ரெண்டு ரெண்டாச் சேத்து அடிக்கிறது. கேட்டதும் மத்த மூணு ஊருக் கோயில்லயும் அதை எடுத்து அடிப்பாங்க. பனைமரத்துல நிக்கிறவன் இறங்கி வருவான். அந்த மணி அடிக்கிறப்ப போனை அதுக்கு நேராப் பிடிச்சுக் காட்டணும்னு எப்சிபா சொல்லிருக்கா. ஒவ்வொரு நாளும் பிள்ளை சாயங்காலம் கண்ணசந்ததும் போன் போடுவா. நான் சாப்புட்டனா கூட அப்புறந்தான் கேப்பா. முதல்ல, 'ஐயர் வந்தாச்சா?' நான், 'இல்ல எப்சிபா, இன்னைக்கும் யாரும் வரல'ம்பேன். 'சரி'ன்னு சொல்லுவா. அந்த 'சரி' இருக்கே, அதைக் கேட்டுட்டு எனக்குச் சோறு இறங்காது.

விட்டுட்டுப் போக வேண்டியதுதானன்னு உங்க மனசுல ஓடுது. எங்க மவனும் அதைத்தான் சொல்லுதான். எப்பிடிப் போறது? ஐயருக்கு அடுத்தபடியா உபதேசியாராவது இருந்தாரு, அவரையும் வேற சேகரத்துக்கு மாத்திட்டாங்க. ஞாயித்துக்கிழமை ஆராதனை யாரு நடத்துவா? நான்தான். பிரசங்கம் யாரு பண்ணுவா? நான்தான். கொஞ்சம் நீளுதுன்னு வாலிபப் பையங்க சொல்லுதாங்களாம். பொங்குற பானையைப் பாதியில இறக்க முடியுமா? போன வாரம் யோனாவைப் பத்திப் பேசுனேன். போகச் சொன்ன இடத்துக்குப் போகாம வேற கப்பல் ஏறுனவனைப் பத்தி. மனுஷன் தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கிட்டு மீன் வயித்துக்குள்ள போயி உக்காந்துக்கிடுதான்னு சொன்னேன். இங்க வரமாட்டேன்னு சொல்லுத ஐயர்மாருக்காகத்தான் சொன்னேன். என்ன, கேக்க ஒரு ஐயரும் இல்ல.

நானும் பெங்களூர் போய்ப் பாத்தவன்தான். போன வருஷம் பத்துப் பதினஞ்சு நாள் இருந்தேன். ஞாயித்துக்கிழமை அங்ஙன உள்ள கோயிலுக்கு மவன் கூட்டிட்டுப் போனான். பெரிய கோயில், குளுகுளுன்னு ஏசி. கடைசிப் பெஞ்சுல உக்காத்தி வச்சான். உங்க பேரு என்ன, எந்த ஊருன்னு ஒரு குருவி கூடக் கேக்கல. காணிக்கைப் பை மட்டும் தேடி வந்துச்சு. பைபிள் பாடம் வாசிச்ச பையன் தப்புந்தவறுமா வாசிக்கான், எனக்கு உடம்பெல்லாம் ஊறுது, எந்திரிச்சுப் போயித் திருத்தவா முடியும்? வீட்டுக்கு வந்தா, பேத்தியை மடியில போட்டுக்கிட்டு டிவியைப் பாத்துக்கிட்டு இருக்கணும். நான் வந்திருக்கேன்னு எப்சிபாவுக்குச் சந்தோசம், முகமெல்லாம் பூத்துப்போயி இருந்தா. பொறவு சேகரத்துல அவசர வேலைன்னு வந்துட்டேன். என்ன அவசரம்னு இப்ப ஞாபகம் இல்ல. ஏதோ இருந்துச்சு.

அதை விடுங்க. இங்க உள்ள கஷ்டத்தைச் சொல்லணும்லா. கீழத்தேரியில ஆரோன்னு ஒரு பெரியவரு. பனையேறிப் பனையேறி நெஞ்சு காய்ச்சுப்போன மனுஷன். சாகக் கிடக்கையில நற்கருணை வாங்கணும்னு கேட்டாரு. நான் குடுக்க முடியுமா? அப்பமும் ரசமும் கையில இருந்தும் குடுக்க முடியாது, ஐயர்தான் குடுக்கணும். பக்கத்துச் சேகரத்து ஐயருக்குப் போன் போட்டோம். அவரு நல்ல மனுஷன், உடனே கிளம்பி வந்தாரு, காரு தேரி மணல்ல புதைஞ்சு போச்சு. வெயிலுக்குள்ள நடந்து வந்து சேரும்போது கண்ணை மூடியாச்சு. ஆரோன் கடைசி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாரு. 'வந்துட்டாங்களா வாத்தியாரே'ன்னு கேட்டாரு. எனக்கு அன்னைக்கு அழுகை அடங்கல ஐயா. ஒரு சேகரத்துக்கு ஐயர் இல்லன்னா என்ன அர்த்தம்னு அந்தக் கட்டிலுப் பக்கத்துல நின்னாத்தான் தெரியும்.

அதனால, ஐயர் வரக்கூடாதுன்னு இங்க ஒருத்தரும் நினைக்கல. நான் நினைப்பனா? வாரவங்கதான் நிக்க மாட்டேங்காங்க.

முதல்ல ஒரு ஐயரும் ஐயரம்மாவும் வந்தாங்க. நடுவயசு. ஐயருக்குப் பிடிச்சுப்போச்சு, அந்தக் கோபுரத்தைப் பாத்துட்டு ரொம்ப நேரம் நின்னாரு. ஐயரம்மாவுக்குத் தாகம். தண்ணி கேட்டாங்க. இந்தக் குருமனையில ரெண்டு கிணறு உண்டு, முன்னால உள்ளது நல்ல தண்ணி, பின்னால உள்ளது சவர், உப்புக் கரிக்கும். நான் அவசரத்துல பின்கிணத்துல கோரிக் குடுத்துட்டேன். அவசரம்தான் ஐயா, வேற என்ன? அந்தம்மா ஒரு வாய் குடிச்சிட்டு ஐயரை ஒரு பார்வை பாத்தாங்க. அவ்வளவுதான். முன்கிணத்துத் தண்ணி இருக்குன்னு சொல்லலாம்னு இருந்தேன், அதுக்குள்ள அவங்க பாம்பு வருமான்னு கேட்டாங்க. பொய் சொல்லலாமா? போன மழைக்கு அடுக்களையில கிடந்த நல்ல பாம்பைப் பத்தி உள்ளது உள்ளபடி சொன்னேன். வந்த பஸ்ஸுலயே திரும்பிட்டாங்க. நான் நல்லதுக்குத்தான் சொன்னேன். பின்னால வந்து 'ஏன் சொல்லல'ன்னு கேட்டா?

நீங்க தனியாளுன்னு சொன்னீங்க. நல்லதுதான். ஆனா அந்தப் பாம்பு விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க.

ரெண்டாவது வந்தவரு கதை வேற. அதைச் சொல்லணும்னா எங்க ஊரு முதல் சோத்து வழக்கத்தைச் சொல்லணும். புது ஐயர் சேகரத்துக்குள்ள வந்ததும் முதல்ல எந்த ஊருக்காரன் கையால சோறோ தண்ணியோ வாங்கி, அது தொண்டைக்குள்ள இறங்குதோ, அதுதான் அவரு வந்து சேந்ததுக்கு அடையாளம். பேப்பர்ல பிஷப் கையெழுத்தெல்லாம் பொறவு. தொண்டையில இறங்குச்சா, மணி அடி. அன்னையில இருந்து அவரு அந்த ஊருக்குச் சொந்தம்னு பேரு. இதுக்கு முன்னால இருந்த சத்தியநேசன் ஐயர், பாவம், வந்த அன்னைக்கு வேனு பனைவிளையில பஞ்சராகி நின்னுபோச்சு. வெயிலுக்கு ஒரு கலயம் பதனி வாங்கிக் குடிச்சாரு. முடிஞ்சு போச்சு. இருந்த அத்தனை வருஷமும் பனைவிளை ஐயர்னு பேரு. அன்பைப் பத்திப் பிரசங்கம் பண்ணுனா, 'ஆமா, பனைவிளைக்காரன்கிட்ட அன்பாத்தான் இருப்பாரு'ன்னு மத்த மூணு ஊரும் முணுமுணுக்கும். கீழத்தேரியில நல்லது கெட்டதுக்கு அவரைக் கூப்பிடவே மாட்டாங்க. மனுஷன் நொந்துபோயி மாறுதல் எழுதி வாங்கிட்டுப் போயிட்டாரு.

அதனால அடுத்த ஐயர் வாரப்ப ஒரு ஊரும் முந்தக்கூடாதுன்னு கமிட்டியில முடிவு பண்ணுனோம். நாலு ஊருக்காரனும் குறுக்கே குறுக்கே பேசுனான். நான்தான் எந்திரிச்சு வழி சொன்னேன். நாலு ஊருலயும் சமைச்சு இங்க கொண்டு வரணும். ஒரே இலையில போடணும். முதல் கவளத்துல நாலு ஊரும் இருக்கணும். நல்ல யோசனைதான? எல்லாரும் கை தட்டுனாங்க. ஆனா என்ன சமைக்கணும்னு சொல்ல விட்டுட்டேன். பனைவிளையில இருந்து கருவாட்டுக் குழம்பு வருது, கீழத்தேரியில இருந்து கோழி வருது, முள்ளன்விளைக்காரன் ஆட்டுக்கறி கொண்டு வாரான். நம்ம ஊரு ஆறுதல்புரத்துல பொம்பளைக கூடி, விசேசம்லான்னு, சேமியாப் பாயாசம் வச்சிட்டாங்க.

சொன்ன சொல்லு சொன்னதுதான? நாலையும் ஊத்திப் பிசைஞ்சு ஒரு உருண்டை. நான்தான் பிசைஞ்சேன், ஒரு ஊரு கூடக் குறையாம இருக்கணும்லா. அந்த ஐயர் உருண்டையைப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு, ஜெபம் பண்ணுனாரு. நீளமான ஜெபம். பொறவு வாயில வச்சாரு. வச்சாரே ஒழிய இறங்கல ஐயா. வாயைப் பொத்திக்கிட்டு எந்திரிச்சு ஓடுனவரு, அந்த வேலிப் பக்கம் போயிக் குனிஞ்சாரு. சுவிசேஷமுத்து மணிக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டே நிக்கான், அடிக்கவான்னு என்னையப் பாக்கான். இறங்கலைல்லா, எப்பிடி அடிக்கிறது? அந்த ஐயரை ரெண்டு நாளு ஆஸ்பத்திரியில வச்சிருந்ததாக் கேள்விப்பட்டேன். பொறவு எங்க சேகரத்துப் பேரைச் சொன்னாலே அவருக்கு வயிறு புரட்டுமாம்.

அதான் உங்களுக்கு ஒண்ணும் குடுக்கல. வந்ததுல இருந்து பச்சைத் தண்ணி கூட ஒருத்தனும் நீட்டலையேன்னு நினைச்சிருப்பீங்க. மரியாதை இல்லாம இல்ல. கமிட்டியிலயே தீர்மானம் போட்டாச்சு. நாலு ஊருக்கும் ஒத்துவாற வழி கண்டுபிடிக்கிற வரைக்கும், வாற ஐயருக்கு யாரும் ஒண்ணும் குடுக்கக் கூடாது. அந்த வழியைக் கண்டுபிடிக்கிற பொறுப்பை என்கிட்டத்தான் விட்டிருக்காங்க. நானும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். அவ்வளவு லேசுல பிடிபடுற காரியமா அது? வெயில்ல வந்திருக்கீங்க, உதடெல்லாம் காய்ஞ்சு போயிருக்கு. எனக்குப் பாக்கச் சங்கடமாத்தான் இருக்கு.

அன்னா, சத்தம் கேக்குதா? சாயங்காலப் பஸ்ஸு. இதை விட்டா நாளைக்குக் காலையிலதான். இப்ப எந்திரிச்சுப் போனா, ரோட்டுல நின்னு கையைக் காட்டுனா நிப்பான், தெரிஞ்ச டிரைவர்தான். சாவி வரலன்னா என்ன, வீட்டைப் பொறவு ஒரு நாள் பாத்துக்கலாம். கிளம்புங்க ஐயா. நான் பையை எடுத்துட்டு வாரேன்.

ஏன், உக்காந்தே இருக்கீங்க? பஸ்ஸு திரும்பிரும்.

போச்சு. போயே போச்சு. என்ன ஐயா நீங்க, இங்ஙன ஒரு லாட்ஜ் கூடக் கிடையாதே. ஐயர் வீட்டுலயா? அங்க எப்பிடித் தங்குறது, அது பூட்டிக் கிடந்த வீடு, தூசி, ஒட்டடை. உங்களுக்கு ஒத்துக்கிடாது.

இந்தா வந்துட்டான் சுவிசேஷமுத்து. ஏல, என்னல இவ்வளவு நேரம்? கையில என்னது? செம்பு எதுக்கு? சாவியை எங்க?

என்ன சொல்லுத? சத்தமாச் சொல்லு.

என் இடுப்புலயா?

ஆமா, இடுப்புலதான் கிடக்கு. மறந்துட்டேன் ஐயா. வயசாச்சுல்லா. வீட்டுலதான் வச்சிட்டு வந்தேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். சிரிக்காதல, இதுல என்ன சிரிப்பு? என்னது, கட்டிலை வெளிய எடுத்துப் போடவாவா? ஐயர் முன்னால எதைப் பேசணும், எதைப் பேசக்கூடாதுன்னு இவனுக்குத் தெரியாது. ஒண்ணும் இல்ல ஐயா. ராத்திரி இங்க காவலுக்குப் படுக்கேன், அவ்வளவுதான். தனியா வீட்டுல கிடக்கிறதுக்கு இங்ஙன கிடந்தா குருமனைக்கும் பாதுகாப்பு. என் கட்டிலு ஒண்ணு, ரெண்டு வேட்டி, எப்சிபா படம் ஒண்ணு, பிரசங்கம் தயார் பண்ண மேசை ஒண்ணு, இவ்வளவுதான் உள்ள கிடக்கு. ஐயர் மேசைதான் அது. உக்காந்து எழுத வசதியா இருக்கும். சன்னல் வழியா நேரா கோயில் தெரியும். போறவன் வாரவன், 'ஐயா, ஒரு ஜெபம் பண்ணுங்க'ன்னு அந்தச் சன்னல்லதான் வந்து நிப்பாங்க. நான் பண்ணுவேன். பாவம், வேற யாருகிட்டப் போவாங்க?

ஏல, அந்தச் செம்பை ஐயர்கிட்ட ஏன் நீட்டுத? அது என்ன? உம் பொண்டாட்டி குடுத்தனுப்புனாளா? கருப்பட்டிக் காப்பியா? ஐயா, அதை வாயில வைக்காதீங்க. இவனுக்குக் கமிட்டித் தீர்மானம் எல்லாம் தெரியாது. ஒரு மடக்கு இறங்குச்சுன்னா அவ்வளவுதான், நாலு ஊருக்குள்ளயும் தீப்பிடிச்சிரும். நான் சொன்னனே, சத்தியநேசன் ஐயர் கதை. சொன்னாக் கேளுங்க.

என்ன கேக்கீங்க? இவன் எந்த ஊருக்காரனா?

இவன் எந்த ஊருக்காரனும் இல்ல ஐயா. இவங்க அப்பன் மேக்கே இருந்து பிழைக்க வந்தவன். அப்ப இருந்த ஐயர் பாத்து இரக்கப்பட்டு, கோயில் காம்பவுண்டுக்குள்ள ஒரு குடிசை போட்டுக் குடுத்தாரு. இவன் அதுலதான் பொறந்தான், அதுலதான் கிடக்கான். நாலு ஊருலயும் இவனுக்கு ஊர்வரியும் இல்ல, பந்தியில இடமும் இல்ல. குழி வெட்டக் கூப்பிட்டா நாலு ஊருக்கும் போவான். அவ்வளவுதான்.

காம்பவுண்டு யாருதா? காம்பவுண்டு சேகரத்துது. நாலு ஊருக்கும் பொது.

ஆமா. பொதுதான்.

அப்ப இவன் வீட்டுக் காப்பி... அது எப்பிடி ஐயா, கமிட்டியில பேசணும்லா. அப்பிடிச் சட்டுனு முடிவு பண்ணிர முடியுமா? ஒரு கூட்டம் போட்டு, நாலு ஊரு மூப்பன்மாரையும் கூப்பிட்டு, நான் எடுத்துச் சொல்லி, அதுக்கு ஒரு ரெண்டு மாசமாவது. பொறுங்க. ஐயா, பொறுங்கன்னு சொல்லுதேன்லா. செம்பைக் கீழ வைங்க. அந்தச் செம்பைக் கொஞ்சம் கீழ...

குடிச்சிட்டீங்களே.

முழுசும் குடிச்சிட்டீங்களே ஐயா. இறங்கிருச்சா? தொண்டையில இறங்கிருச்சா?

ஏல சுவிசேஷமுத்து, எங்கல ஓடுத? நில்லுல. இவ்வளவு நேரம் நடக்கத் தெரியாதவன், இப்ப ஓடுதான் பாருங்க. ஏல, நான் சொல்லாம கயித்துல கை வைக்காத. செயலாளர் நான் இருக்கேன்.

போன் வேற அடிக்குது. எப்சிபாதான். பிள்ளை தூங்கியிருக்கும். ஒரு நிமிசம் ஐயா. நீங்க இருங்க, எந்திரிக்காதீங்க, ஒரு நிமிசம்.

அலோ. ஆமா, நான்தான். நல்லா இருக்கேன். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுருச்சா? ம். ம். இங்க எல்லாம் எப்பவும் போலத்தான்.

இல்ல.

இல்ல எப்சிபா, இன்னைக்கும் யாரும் வரல.

என்னது? என்ன சத்தம்? எனக்கு ஒண்ணும் கேக்கலையே. மணியா? அது, சுவிசேஷமுத்து கயிறு மாத்துனான், அடிச்சுப் பாக்கான். ஆமா, ரெண்டு ரெண்டாத்தான் கேக்கு. புதுக் கயிறுல்லா. இல்ல, அது கீழத்தேரி மணி இல்ல. பனைவிளை மணியும் இல்ல. உனக்கு அங்ஙன இருந்து அப்பிடித் தோணுது.

எப்சிபா?

அழுதியா? ஏம்மா அழுத?

சரி. சரி, பிடிக்கேன். கோயிலுக்கு நேராத்தான் பிடிச்சிருக்கேன். கேக்குதா? நாலு ஊருலயும் அடிக்காங்க. ஆமா. ஆமா, நல்லாத்தான் கேக்குது.

ஐயா, இவ சிரிக்கா. அழுதுக்கிட்டே சிரிக்கா. பிள்ளையை எழுப்பிட்டாளாம். தாத்தா வாராங்கன்னு அதுகிட்டச் சொல்லிட்டாளாம். நாளைக்கு எந்த ரயில்னு கேக்கா. போனைக் காதுல வச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டு இருக்கா ஐயா, நான் என்ன சொல்ல?